இரு கம்பங்களுக்கு நடுவே

வாத்தியார் ஆன வீரர்கள் – வரலாற்றுத் தொடர்
பீட்டர் தங்கராஜ்: நான்கு வாரக் கதை

முதல் வாரம்: முன்வரிசையில் ஆடியவர்

சீயமங்கலத்துப் பாறையில் ஏறி நின்றால் வடகிழக்கே வந்தவாசி, தெற்கே செஞ்சி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இந்தச் சிற்றூரில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குகைக் கோயிலைக் குடைந்தான். அதன் வாயிற்காவலர்கள் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கல்லில் நிற்கிறார்கள். காவல் என்பது இந்த மண்ணுக்குப் பழகிய தொழில். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்தது. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து தேசிங்கு ராஜன் மாண்டான். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமானது.

அந்தச் சண்டைக் காலத்தில்தான், 1758-இல், சென்னையைக் காக்கத் திரட்டிய சிப்பாய்களை முறையான பட்டாளங்களாக அமைத்தார்கள். மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. இந்தியத் தரைப்படையின் காலாட்படைப் பிரிவுகளில் மிகப் பழமையானவற்றில் ஒன்று அது. அதன் பயிற்சி மையம் இன்று நீலகிரியில், குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. பட்டாளம் பிறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து ஒரு நெட்டை இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் பெயர் பீட்டர் தங்கராஜ்.

1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர் தங்கராஜ். பக்கத்திலிருக்கும் செகந்திராபாத் ராணுவக் குடியிருப்புகள் நிறைந்த ஊர். தமிழ்ப் பெயர் தாங்கிய குடும்பங்கள் அங்கே ஏராளம். மாலையானால் மைதானமெல்லாம் பந்துச் சத்தம் கேட்கும். மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் என்ற செகந்திராபாத் கிளப்புகளில்தான் தங்கராஜ் ஆட்டத்தைத் தொடங்கினார்.

அந்நாளைய ஹைதராபாத்தை இந்தியக் கால்பந்தின் பாடசாலை என்றே சொல்லலாம். அந்தப் பாடசாலையின் ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். பேச்சுக்காகச் சொல்லவில்லை, அவர் நிஜமாகவே பள்ளி ஆசிரியர். 1950-இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியை ஏற்றார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணிதான் வென்றது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதை ரஹீம் ஊக்குவிக்கவில்லை. பந்தைச் சட்டென்று அடுத்தவருக்குத் தள்ளு, தள்ளிவிட்டு நீயும் ஓடு என்பதுதான் அவர் கற்பித்த பாடம்.

தங்கராஜ் பட்டாளத்துக்குப் போனார். மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் அவர் முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. கோல் போடுகிற இடம் அது, கைதட்டல் வாங்குகிற இடமும் அதுதான். அங்கிருந்துதான் அவரைப் பின்னால் கொண்டுபோய் இரு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள்.

அந்த இடத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். இன்றைக்கு இருப்பதுபோல உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும் கையுறை அன்று கிடையாது. ஆட்டத்தின் நடுவே அடிபட்டால் மாற்று ஆளும் கிடையாது. எதிரணி வீரர்கள் தோளால் இடிப்பார்கள், அதையும் தாங்கிக்கொண்டு அந்தரத்தில் பந்தைப் பிடிக்க வேண்டும். முன்வரிசைக்காரர் பத்துத் தடவை தவறவிட்டு ஒரு முறை அடித்தால் வீரர். கோல்கீப்பர் பத்துப் பந்துகளைத் தடுத்து ஒன்றை விட்டால் குற்றவாளி.

தங்கராஜ் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டார். முன்வரிசையில் ஆடிய பழக்கம் அவருக்குக் கை கொடுத்திருக்க வேண்டும். எதிரே வருகிறவன் எந்த நொடியில் அடிப்பான், எந்தப் பக்கம் பார்ப்பான் என்பதெல்லாம் அவரும் ஒரு காலத்தில் செய்தவைதானே. 1955-இல் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் இந்திய விமானப்படையைத் தோற்கடித்து டுராண்ட் கோப்பையை வென்றது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய கோப்பை அது. அதே ஆண்டு டாக்காவில் நடந்த நாற்கோணப் போட்டியில் தங்கராஜ் இந்தியச் சட்டை அணிந்தார்.

அடுத்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக். இந்திய அணிக்கு ரஹீம்தான் பயிற்சியாளர். அவர் மனத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. 1952-இல் ஹெல்சிங்கியில் அவருடைய அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கியது. ஐரோப்பாவின் குளிரில் நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமானது.

மெல்போர்னில் இந்தியாவுக்கு அமைந்த முதல் எதிரி ஹங்கேரி, ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற நாடு. பூட்ஸுக்குக் கால் பழகி நான்கே ஆண்டுகளான ஒரு நாடு அந்த அணியை எப்படி எதிர்கொள்ளப் போகிறது?

அந்தக் கேள்விக்குப் பதில் மைதானத்தில் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 4 அதிகாலை, சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் நுழைந்தன.

(தொடரும்)

இரண்டாம் வாரம்: பத்தொன்பது நிமிடங்கள்

சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த புரட்சி நசுக்கப்பட்ட நிலையில் ஹங்கேரியின் வீரர்கள் பலர் மெல்போர்ன் வந்தார்கள். கால்பந்து அணி மட்டும் வரவில்லை. இந்தியா ஆடாமலே காலிறுதிக்குப் போனது. டிசம்பர் 1 அன்று போட்டி நடத்தும் ஆஸ்திரேலியாவே எதிரே நின்றது.

கேப்டன் சமர் பானர்ஜி. கோலுக்குத் தங்கராஜ், எஸ்.எஸ். நாராயண் என்று இருவர். முன்வரிசையில் பம்பாய்க்காரர் நெவில் டிசூசா. அன்றைக்கு மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் ஆனார் நெவில். ஆட்டம் 4-2. ஒலிம்பிக் அரையிறுதியில் கால் வைத்த முதல் ஆசிய அணி இந்தியா.

அரையிறுதியில் யார்? யூகோஸ்லாவியா. ஹெல்சிங்கியில் பத்துக் கோல் போட்ட அதே நாடு.

முதல் பாதி முழுதும் கோல் விழவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் நெவில் கோல் அடித்தார், இந்தியா 1-0 என்று முன்னிலை. நான்கே ஆண்டில் ரஹீம் அந்தப் புண்ணை ஆற்றிவிட்டார் என்று தோன்றிய கணம் அது. கணம் நீடிக்கவில்லை. யூகோஸ்லாவியா அடுத்தடுத்துத் திருப்பி அடித்தது. நான்காவது கோல் நம் தற்காப்பு வீரர் மேலேயே பட்டு உள்ளே போனது. 1-4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காம் இடத்தோடு இந்தியா ஊர் திரும்பியது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய உச்சம் இன்றுவரை அதுதான்.

தங்கராஜுக்கு அப்போது வயது இருபத்தொன்று நிறையவில்லை. உலகத்தின் பெரிய மேடையைப் பார்த்துவிட்டு வெலிங்டனுக்குத் திரும்பினார். 1958-இல் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் மறுபடியும் டுராண்ட் கோப்பையைத் தூக்கியது, இம்முறை கூர்க்கா பிரிகேடை வென்று. அதே ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ஆசியாவின் தலைசிறந்த கோல்கீப்பர் என்ற பெயர் தங்கராஜுக்குக் கிடைத்தது. 1960-இல் அவர் தலைமையில் ராணுவத்தினரின் சர்வீசஸ் அணி, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றது. ஒரு கோல்கீப்பர் கேப்டனாக இருப்பதில் வசதி ஒன்று உண்டு. மைதானம் முழுவதையும் முகத்துக்கு நேரே பார்க்க முடிகிற ஒரே ஆட்டக்காரர் அவர்தான். யார் இடம் மாறி நிற்கிறார், எங்கே ஓட்டை விழுகிறது என்பதை அவர் சத்தம் போட்டுச் சொன்னால்தான் முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியும். தங்கராஜ் பிற்காலத்தில் பயிற்சியாளராகச் செய்த வேலையின் விதை இங்கேயே விழுந்துவிட்டது.

1960, ரோம். மறுபடியும் ரஹீம், மறுபடியும் தங்கராஜ். இம்முறை கேப்டன் பி.கே. பானர்ஜி. முன்வரிசையில் சுனி கோஸ்வாமியும் துளசிதாஸ் பலராமும். இந்தியா விழுந்த பிரிவோ கொடுமையானது: ஹங்கேரி, பிரான்ஸ், பெரு.

நான்கு ஆண்டுக்கு முன் வராமல் போன ஹங்கேரி இம்முறை முழு பலத்தோடு வந்தது. ஃப்ளோரியான் ஆல்பர்ட் என்ற இளைஞர் அதில் ஆடினார். பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப் பந்து வாங்கியவர். ஹங்கேரி இரண்டு கோல் அடித்தது. இந்தியா ஒடிந்துபோகவில்லை. 79-ஆம் நிமிடத்தில் பலராம் ஒன்றைத் திருப்பினார். ஆட்டம் 1-2 என்று முடிந்தது. அந்த ஹங்கேரிதான் பிறகு வெண்கலம் வென்றது. அதைத் தடுமாற வைத்த அணி என்ற பேச்சு இந்தியாவைச் சுற்றி எழுந்தது.

அடுத்து பிரான்ஸ். இந்த ஆட்டத்தில் வென்றே ஆக வேண்டும். 71-ஆம் நிமிடம். பி.கே. பானர்ஜி அடித்த பந்து வலைக்குள் போனது. இந்தியா 1, பிரான்ஸ் 0.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்நாளில் இந்தியாவில் உள்ளூர்ப் போட்டிகள் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலிம்பிக் ஆட்டம் 90 நிமிடம். நம் வீரர்களின் கால்களும் மூச்சும் 70 நிமிடத்துக்கே பழகியவை. மீதி இருபது நிமிடம் அவர்களுக்கு அந்நிய நிலம். ரஹீமுக்கு இது தெரியும். தங்கராஜுக்கும் தெரியும். முன்னால் நிற்பவர்கள் தளரத் தளர, எல்லாப் பாரமும் கடைசியில் கோல்கீப்பர் மேல்தான் வந்து இறங்கும்.

கடிகாரத்தில் இன்னும் பத்தொன்பது நிமிடங்கள் பாக்கி.

(தொடரும்)

மூன்றாம் வாரம்: காய்ச்சலில் கிடந்தவர்

அந்த முன்னிலை பதினோரு நிமிடம் தாங்கியது. 82-ஆம் நிமிடத்தில் பிரான்ஸ் சமன் செய்தது. 1-1.

கடைசி ஆட்டத்தில் பெருவிடம் 1-3. இந்தியா பிரிவிலேயே வெளியேறியது. அன்றைக்கு ரோம் ஒலிம்பிக்கில் சட்டையைக் கழற்றிய அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, ஒலிம்பிக் கால்பந்தில் தங்களுக்குப் பின் இந்திய அணி எதுவும் வரப்போவதில்லை என்று. 1948, 1952, 1956, 1960 என்று நான்கு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து ஆடிய நாடு அதன்பின் ஒன்றில்கூட ஆடவில்லை.

பிரான்ஸ் ஆட்டத்தின் கடைசி நேரத் தளர்ச்சியை ரஹீம் விதி என்று விட்டுவிடவில்லை. குறை எங்கே என்று அவருக்குத் தெரியும். ஓட்டம், மூச்சு, கடைசி இருபது நிமிடம். 1962 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போன அணியில் அந்தப் பாடம் இருந்தது. கேப்டன் சுனி கோஸ்வாமி. தங்கராஜ் இருந்தார். பெங்களூரிலிருந்து வந்த அருமைநாயகம் இருந்தார். பிரத்யுத் பர்மன் என்ற இன்னொரு கோல்கீப்பரும் இருந்தார்.

தொடக்கமே சரியில்லை. தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் தற்காப்பின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதி. இதற்கிடையே தங்கராஜைக் காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. அவர் ஒதுங்கியிருந்தபோது பர்மன் கோலைக் காத்தார்.

மைதானத்துக்கு வெளியேயும் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு விடவில்லை. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் இருந்த இந்தியர் ஜி.டி. சோந்தி அதை எதிர்த்துப் பேசினார். அவர் பேசியது ஒரு கொள்கைக்காக. ஜகார்த்தா மக்கள் அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 3 அன்று கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. மறுநாள் இறுதி ஆட்டம்.

அரையிறுதியில் ரஹீம் ஒரு துணிச்சலான காரியம் செய்திருந்தார். தலையில் தையலோடு தற்காப்பில் நின்று பந்தை முட்ட ஜர்னைலால் முடியாது. ஆனால் அவரை வெளியே உட்கார வைக்கவும் ரஹீமுக்கு மனமில்லை. சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். தென் வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. சுனிக்கு இரண்டு கோல், ஜர்னைலுக்கு ஒன்று. பின்னால் நின்றவரை முன்னால் அனுப்பிய அந்த முடிவைப் பார்க்கிறபோது, வெலிங்டனில் ஒரு சென்டர் ஃபார்வர்டைப் பின்னால் அனுப்பியது நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரு ஆட்டக்காரனுக்குள் இன்னொரு ஆட்டக்காரன் இருப்பதைக் கண்டுபிடிக்கிற கண்தான் வாத்தியாரின் கண்.

இறுதியில் எதிரி மறுபடியும் தென் கொரியா, முதல் ஆட்டத்தில் இந்தியாவை வீழ்த்திய அணி. பக்கவாட்டிலிருந்து பந்தை உயரத் தூக்கிப் போட்டு நெருக்கும் அணி அது. அந்தப் பந்துகளை அந்தரத்தில் பறிக்க உயரம் வேண்டும். தங்கராஜுக்கு உயரம் இருந்தது, உடம்பில்தான் தெம்பு குறைவு. பர்மனோ நல்ல உடல்நிலையில் இருக்கிறார், ஆடி அணியை இறுதிக்கும் கொண்டுவந்திருக்கிறார். வெற்றி பெற்றுவரும் அணியின் கோல்கீப்பரை மாற்றாதே என்பது கால்பந்தில் எல்லாரும் சொல்லும் புத்திமதி. மாற்று ஆள் இல்லாத காலம் என்பதையும் மறக்கக் கூடாது. காய்ச்சலிலிருந்து எழுந்தவர் பாதி ஆட்டத்தில் சோர்ந்து விழுந்தால் கதை முடிந்தது.

ரஹீமின் உடம்பையும் அப்போது நோய் அரித்துக்கொண்டிருந்தது. நுரையீரல் புற்றுநோய். இது அவருக்கு இருந்த கடைசிப் பெரிய ஆட்டம்.

1962 செப்டம்பர் 4. செனயான் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்.

இரு கம்பங்களுக்கு நடுவே போய் நின்றவர், தங்கராஜ்.

17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல். 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங், தலையில் தையலோடு, இரண்டாவது கோல். 2-0. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொரியர்கள் மோதிக்கொண்டே இருந்தார்கள். ரோமில் கை நழுவிய அந்தக் கடைசி இருபது நிமிடமும் வந்தது. 85-ஆம் நிமிடம். கொரியாவின் பந்து வலைக்குள் போனது. 2-1.

மைதானம் அதிர்ந்தது. இன்னும் ஐந்து நிமிடங்கள். கொரியர்கள் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினார்கள்.

(தொடரும்)

நான்காம் வாரம்: கைதட்டல் இல்லாத மைதானம்

ஐந்து நிமிடமும் தாங்கியது. இந்தியா 2, தென் கொரியா 1. ஆசியத் தங்கம்.

ரோமின் 82-ஆம் நிமிடத்தையும் ஜகார்த்தாவின் 85-ஆம் நிமிடத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ரோமில் ஒரு கோல் விழுந்தது, வெற்றி போனது. ஜகார்த்தாவிலும் ஒரு கோல் விழுந்தது, ஆனால் அதற்குமுன் இரண்டு இருந்தன, அதற்குப்பின் எதுவும் விழவில்லை. இடையில் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செய்த வேலைதான் அந்தத் தங்கப் பதக்கம். கால்பந்தில் ஆசிய விளையாட்டுத் தங்கம் இந்தியாவுக்கு அதன்பின் கிடைக்கவே இல்லை. 1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார்.

தங்கராஜ் தொடர்ந்து ஆடினார். முகமதன் ஸ்போர்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியிருக்கிறார். ஒரு கிளப்பில் ஆடியவரை மற்றக் கிளப்பின் ரசிகர் மன்னிக்காத ஊர் கல்கத்தா. மூன்று கூட்டமும் ஏற்றுக்கொண்ட கோல்கீப்பராக அவர் இருந்தார் என்றால் அது சாமானியமான விஷயமல்ல. ஆசிய நட்சத்திர அணியில் இடம் கிடைத்தது. 1967-இல் அர்ஜுனா விருது. 1971-இல் ஓய்வு பெற்றார்.

வழக்கமான வீர வரலாறுகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். இந்தத் தொடரின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தங்கராஜ் பயிற்சியாளர் ஆனார். கோவாவின் வாஸ்கோ கிளப்பில் பயிற்சி கொடுத்தார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியைப் பழக்கினார். சர் சையத் அகமது கான் 1875-இல் தொடங்கிய கல்விச்சாலை 1920-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்த இடம் அது. படிப்போடு விளையாட்டையும் ஒரு பாடமாக மதித்த பழைய மரபு அங்கே உண்டு. ஒரு லட்சம் பேர் கூச்சலுக்கு நடுவே நின்றவர், தேர்வுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே அல்லாடும் மாணவர்களுக்கு முன்னால் போய் நின்றார்.

கல்லூரி அணியைப் பழக்குவது கிளப் அணியைப் பழக்குவதைவிடக் கடினம். கிளப்பில் ஆட்டக்காரன் தேர்ந்து வருகிறான், அவனுக்கு ஆட்டமே தொழில். கல்லூரியில் பையன் மூன்று ஆண்டு இருப்பான். முதலாண்டில் கற்றுக்கொடுத்து, இரண்டாம் ஆண்டில் திருத்தி, மூன்றாம் ஆண்டில் அவன் அணிக்கு ஆகிவந்த நேரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஒரு வாரம் பெயர் அடிபடும், பிறகு ஓய்ந்துவிடும். பொறுமை இல்லாதவருக்கு அந்த வேலை ஒத்துவராது.

ஒரு கோல்கீப்பர் இளைஞர்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்க முடியும்? பாய்ந்து விழுவதைத்தான் எல்லாரும் கேட்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேர்ந்த கோல்கீப்பர் அதிகம் பாய மாட்டார். பாய வேண்டிய தேவை வராத இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பார். பந்தோடு வருகிறவனை நோக்கி இரண்டு எட்டு முன்னால் வந்தால், அவன் கண்ணுக்குத் தெரிகிற கோல் சுருங்கிவிடும். அதிகம் வந்துவிட்டால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவான். இரண்டுக்கும் நடுவில் சரியான இடம் எது என்பதைப் புத்தகத்தால் சொல்ல முடியாது, பக்கத்தில் நின்று ஒருவர் சொல்ல வேண்டும். உயரப் பந்தைப் பிடிப்பதா, குத்தித் தள்ளுவதா என்ற முடிவை அரை நொடியில் எடுக்க வேண்டும். முதல் எட்டு எடுத்துவிட்டால் பின்வாங்கக் கூடாது. பிடித்த பந்தை யாருக்கு எறிவது என்று கையில் வரும் முன்பே பார்த்திருக்க வேண்டும். மெல்போர்னுக்கும் ரோமுக்கும் ஜகார்த்தாவுக்கும் போய்வந்த கண்களும் கைகளும் இதையெல்லாம் சொல்லித்தரக் கிடைப்பது ஒரு மாணவனுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு!

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளர் என்றால் மாநிலம் முழுக்கத் தெரிந்த மனிதர். அவர்கள் ஆடுவது வேறு வகை ஃபுட்பால், கையில் பந்தை ஏந்தி ஓடுவது. ஆனால் வழக்கம் கவனிக்கத் தக்கது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெந்தத்லான், டெகாத்லான் இரண்டிலும் வென்ற ஜிம் தார்ப் 1915-இல் இந்தியானா பல்கலைக்கழக அணிக்குத் துணைப் பயிற்சியாளராகப் போனார். ஒலிம்பிக் கண்டவரின் அனுபவம் மாணவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அங்கே ஒரு கல்லூரி நினைத்தது. நம் ஊரில் அந்த நினைப்பு அபூர்வம். மைதானத்தில் விசிலோடு நிற்பவரை 'பி.டி. வாத்தியார்' என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அவருடைய பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குகிறோம்.

தங்கராஜின் கடைசிக் களம் இரும்பு ஊர். ஜார்க்கண்டின் பொகாரோ உருக்காலை நகரத்தில் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் வேலையில் இருந்தார். 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே மறைந்தார். எழுபத்துமூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் மீதமிருந்தது.

ஹைதராபாத், வெலிங்டன், கல்கத்தா, வாஸ்கோ, அலிகர், பொகாரோ. ஒரு தமிழ்ப் பெயர் இந்தியாவின் இத்தனை மைதானங்களில் வேலை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? தேசிங்கு ராஜனின் கதையைச் செஞ்சிப் பக்கத்துச் சிறுவர்கள் பாட்டி வாயிலிருந்து கேட்டு வளர்கிறார்கள். அந்தக் கதையோடு தங்கராஜின் கதையும் நம் பிள்ளைகள் காதில் விழ வேண்டும். மதராஸ் பட்டாளத்தின் பெயரைச் சட்டையில் சுமந்து ஆசியாவிலேயே சிறந்தவர் ஆன மனிதர் அவர்.

1960-க்குப் பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவில்லை என்றால், நல்ல பையன்கள் பிறக்காமல் போனார்கள் என்று பொருளல்ல. ரஹீம்கள் குறைந்தார்கள் என்றே நான் நம்புகிறேன். அந்த ஆசிரியரிடம் பயின்ற தலைமுறை தானும் ஆசிரியராக மாறியது: பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங், அருண் கோஷ், தங்கராஜ். அவர்களில் கல்கத்தாவில் பயிற்சி கொடுத்தவர்களைப் பத்திரிகைகள் பார்த்தன. அலிகருக்கும் பொகாரோவுக்கும் போனவரைப் பார்க்கவில்லை. அந்த ஊர் மைதானங்களில் அவர் பயிற்சி கொடுத்த ஆண்டுகளுக்குப் பதக்கம் கிடையாது. என் கணக்கில் அவை ஜகார்த்தாவுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

ரோம் அணியில் இன்னொரு தமிழ்ப் பெயரும் இருந்தது: சைமன் சுந்தரராஜ். அவரும் பயிற்சியாளர் ஆனார், ஆனால் சந்தோஷ் கோப்பையை அதுவரை ஒருமுறைகூட வெல்லாத ஒரு மாநிலத்துக்கு. 1973 டிசம்பர் 27, கொச்சி. இறுதி ஆட்டம். எதிரே ரயில்வே அணி. கேரளத்தின் கேப்டன் மணி இரண்டு கோல் அடித்தாயிற்று. ரயில்வேயும் இரண்டு அடித்துவிட்டது. மைதானத்தின் ஓரத்தில் நின்ற சைமனின் அணிக்கு இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும். பந்து மறுபடியும் மணியின் காலுக்கு வருகிறது...

(தொடரும்)